45 பெட்டி, 36 ஊர்

சியாட்டிலிலிருந்து நியூயார்க் வரை ரயில் பாதை போட வேண்டும். கையில் இருப்பது 45 பிளாஸ்டிக் ரயில் பெட்டி. ஹெலினா, ஒமஹா, சிகாகோ, பிட்ஸ்பர்க் வழியாகப் போனால் 20 பெட்டியில் வேலை முடிந்துவிடும். ஒமஹாவை விட்டுவிட்டு டுலுத் வழியாகப் போனாலும் அதே 20தான். வைக்க வேண்டிய தடங்களும் இரண்டிலும் ஐந்துதான். ஆனால் முதல் பாதைக்குக் கிடைப்பது 38 புள்ளி, இரண்டாவதற்கு 40. இந்த இரண்டு புள்ளி எங்கிருந்து வந்தது? அதற்காக டுலுத் பக்கம் போகலாமா, போனால் எதை இழக்க நேரிடும்? 'டிக்கெட் டு ரைடு' ஆடுகிறவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளோடுதான் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆலன் மூன் உருவாக்கிய இந்த ஆட்டத்தை, டேஸ் ஆஃப் வொண்டர் நிறுவனம் 2004இல் வெளியிட்டது. அதே ஆண்டு, பலகை ஆட்டங்களுக்கு ஜெர்மனியில் வழங்கப்படும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது இதற்குக் கிடைத்தது. வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் ஆட்டங்களுக்கு உலகில் இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடையாது. மூனுக்கு அது இரண்டாவது முறை. 1998இல் 'எல்ஃபன்லாண்ட்' ஆட்டத்துக்காக ஏற்கெனவே வாங்கியிருந்தார். எட்டு வயதிலிருந்து ஆடலாம், இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஆடலாம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன.

விதிகளைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். பலகையில் சுமார் 1900ஆம் ஆண்டின் வட அமெரிக்க வரைபடம். அதில் 36 ஊர்கள், பக்கத்து ஊர்களை இணைக்கும் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் ஒன்று முதல் ஆறு வரை கட்டங்கள். தடத்துக்கென ஒரு நிறம், அதைப் பிடிக்கக் கட்டத்துக்கு ஒன்றாக அந்த நிறச் சீட்டுகளை இறக்க வேண்டும். சாம்பல் நிறத் தடமாக இருந்தால் எந்த நிறச் சீட்டையும் இறக்கலாம், ஆனால் இறக்குவது எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கட்டில் 110 சீட்டு: எட்டு நிறங்களில் நிறத்துக்கு 12, அவற்றோடு 14 எஞ்சின். ரம்மி ஆடியவர்களுக்கு எஞ்சினை விளக்கவே வேண்டாம், அது ஜோக்கர்.

தன் முறை வரும்போது ஒருவர் மூன்றில் ஒன்றைத்தான் செய்யலாம். இரண்டு சீட்டு எடுக்கலாம்: திறந்து வைத்திருக்கும் ஐந்திலிருந்தோ, கவிழ்த்து வைத்த கட்டிலிருந்தோ. திறந்திருக்கும் எஞ்சினை எடுத்தால் அந்த முறைக்கு அது ஒன்றுதான். அல்லது, ஒரு தடத்துக்கு வேண்டிய சீட்டுகளை இறக்கிவிட்டு, அதன் கட்டங்களில் தன் பெட்டிகளை அடுக்கலாம். அதன் பிறகு அந்தத் தடம் அவருடையது. அல்லது, புதிய பயண டிக்கெட் எடுக்கலாம். டிக்கெட் என்பது இரண்டு ஊர்களின் பெயரும் ஒரு எண்ணும் அச்சிட்ட சீட்டு. ஆட்டம் முடிவதற்குள் அந்த இரண்டு ஊர்களையும் தன் பெட்டிகளால் இணைத்தால் அந்த எண் கணக்கில் சேரும், இணைக்காவிட்டால் கழியும். தொடக்கத்தில் ஆளுக்கு மூன்று டிக்கெட் தருவார்கள். குறைந்தது இரண்டை வைத்துக்கொள்ள வேண்டும். என்ன டிக்கெட் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. யாரிடமாவது இரண்டு பெட்டியோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சிய உடனே, அவர் உட்பட எல்லோருக்கும் இன்னும் ஒரே ஒரு முறை. அத்தோடு சரி.

இவ்வளவும் முதல் நாளே யாருக்கும் புரிந்துவிடும். கண் பழகத்தான் சில ஆட்டங்கள் ஆகும்.

புதிதாக ஆடுபவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு சிவப்பு வந்திருக்கிறது, இரண்டு பச்சை வந்திருக்கிறது, இதை வைத்து எங்கே போகலாம் என்று கையிலிருந்து பலகைக்குப் போவார். பழகியவர் எதிர்த்திசையில் வருவார்: பலகையில் இந்தத் தடம் போய்விட்டால் நமக்கு வேறு வழியில்லை, அதற்கு என்ன நிறம், அது எங்கே கிடைக்கும். இதற்குக் காரணம் புத்திக்கூர்மையில் உள்ள ஏற்றத்தாழ்வு அல்ல. மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்துக் கையாளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. 1956இல் ஜார்ஜ் மில்லர் அதை ஏழுக்கு அருகில் என்று கணித்தார். 2001இல் நெல்சன் கோவன் நான்குதான் என்று குறைத்தார். 36 ஊர்களும் அவற்றின் தடங்களும் ஒன்பது வகைச் சீட்டுகளும் ஒரு புதியவரின் மனத்தில் தனித்தனியாக வந்து மோதும்போது, நான்கு இடங்கள் எந்த மூலைக்கு? அதனால் அவர் கைக்கு எட்டியதை, அதாவது கையில் இருக்கும் சீட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

அனுபவம் இந்த நான்கு இடங்களைக் கூட்டுவதில்லை. ஒவ்வொன்றிலும் வைக்கும் மூட்டையைப் பெரிதாக்குகிறது. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் சதுரங்க வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு இதற்குப் பேர்போனது. உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த நிலையைச் சில நொடிகள் காட்டினால், தேர்ந்த வீரர் புதியவரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியாக நினைவிலிருந்து வைத்துக்காட்டினார். அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியபோது அவருடைய சாதகம் ஏறக்குறைய காணாமல் போனது. அவர் காய் காயாகப் பார்க்கவில்லை. அர்த்தமுள்ள தொகுதிகளாகப் பார்த்தார். டிக்கெட் டு ரைடில் அப்படிப்பட்ட தொகுதி என்றால், 'சியாட்டிலிலிருந்து ஹெலினா, அங்கிருந்து கிழக்கே' என்பது போல. முதல் ஆட்டத்தில் அது இரண்டு தடம், இரண்டு நிறம், பதினொன்றோ பன்னிரண்டோ கட்டம். நான்காவது ஆட்டத்தில் அது ஒரே பாதை.

இனி அந்த இரண்டு புள்ளிக்கு வரலாம். ஒரு கட்டத் தடத்துக்கு 1 புள்ளி, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 7, ஐந்துக்கு 10, ஆறுக்கு 15. ஐந்தும் நான்கும் சேர்ந்தால் 17. ஆறும் மூன்றும் சேர்ந்தால் 19. கட்டங்கள் ஒன்பதுதான், ஆனால் நீளத்தை ஒரே தடத்தில் குவித்தவருக்குக் கூடுதல் லாபம். இந்தப் படிக்கட்டின் செங்குத்து, முறைகளை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு முறைக்கு இரண்டு சீட்டு என்றால், ஆறு சீட்டு சேர்க்க மூன்று முறை, இறக்க ஒரு முறை. நான்கு முறைக்கு 15 புள்ளி, முறைக்கு மூன்றே முக்கால். இரண்டு கட்டத் தடத்துக்கு எடுக்க ஒரு முறை, இறக்க ஒரு முறை. இரண்டு முறைக்கு 2 புள்ளி, முறைக்கு ஒன்று. பெட்டிகளும் சீக்கிரம் தீரும். ஏழு ஆறு-கட்டத் தடங்களைப் பிடித்தவரிடம் மிஞ்சுவது மூன்று பெட்டி. அவர் ஆட்டத்தை முடிக்கப் பார்க்கும்போது, கிழக்குக் கடற்கரையில் இரண்டிரண்டாகப் பொறுமையாகக் கட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிற்பார்.

அப்படியானால் எல்லோரும் ஆறு கட்டத் தடங்களையே துரத்தினால் என்ன? வரைபடத்தில் அவை மொத்தம் ஒன்பது. எட்டு நிறத்துக்கும் ஒவ்வொன்று, வின்னிபெக்கிலிருந்து சூ செயின்ட் மேரிக்குப் போகும் சாம்பல் தடம் ஒன்று. சியாட்டில்–ஹெலினா மஞ்சள், ஹெலினா–டுலுத் ஆரஞ்சு, லாஸ் ஏஞ்சலிஸ்–எல் பாசோ கறுப்பு, நியூ ஆர்லியன்ஸ்–மயாமி சிவப்பு. ஒரு நிறத்துக்கு ஒன்றே ஒன்று என்று மூன் அளந்து வைத்திருப்பது எவ்வளவு நேர்த்தி! எந்த நிறமும் மற்றொன்றைவிட மதிப்பு மிக்கதாகிவிடாது. ஒன்பதில் ஒன்றுக்குக்கூட, அதே இரண்டு ஊர்களுக்கு இடையே இணையாக இன்னொன்று ஓடும் இரட்டைத் தடம் கிடையாது. முதலில் வருபவருக்கே சொந்தம்.

காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. கவிழ்த்த கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவினால் அது ஆரஞ்சாகவோ எஞ்சினாகவோ இருக்க வாய்ப்பு 110க்கு 26, கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. ஒரு முறைக்கு இரண்டு சீட்டு என்றால் சராசரியாக அரைச் சீட்டுகூடத் தேறாது. திறந்த சீட்டுகளைத் தொடாமல், கட்டை மட்டும் நம்பி ஆறு ஆரஞ்சு சேர்க்க நினைத்தால் 12, 13 முறை ஆகும். அதற்குள் ஹெலினாவிலிருந்து டுலுத்துக்கு வேறொருவர் பெட்டி அடுக்கியிருப்பார். டுலுத் வழியின் இரண்டு கூடுதல் புள்ளி, ஒரே நிறத்தில் ஆறு சீட்டு சேர்க்கும் ஆபத்துக்கான கூலி. அதே நேரத்தில் எட்டு நிறத்தில் எது சேர்ந்தாலும் பரவாயில்லை என்றால் சாம்பல் தடம் எளிதாகக் கைகூடும். ஆகவே சாம்பலைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பவர் ஏமாறுவார். எல்லோருக்கும் எளிதானது எல்லாவற்றுக்கும் முன்பே தீர்ந்துபோகும்.

சீட்டு உடனே திரும்பக் கட்டுக்குள் போவதில்லை என்பதும் கணக்கை மாற்றுகிறது. பகடையில் ஆறு விழுந்தால் அடுத்த உருட்டலுக்கு அது தெரியாது. சீட்டுக்கட்டு அப்படியல்ல. ஏழெட்டு ஆரஞ்சு வெளியே போனது கண்ணால் தெரிந்தால், இறக்கிய சீட்டுகளைத் திரும்பக் கலைக்கும் வரை மிச்சம் நான்கைந்துதான். எதிரே இருப்பவர் திறந்த சீட்டுகளில் பச்சையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தால், எல் பாசோ–ஹூஸ்டன் மீது அவருக்குக் கண் என்று ஊகிக்கலாம். எந்தச் சீட்டு போயிற்று என்று ரம்மியில் மனத்தில் குறித்துவைக்கும் பாட்டிக்கு இந்தப் பகுதி பேரப்பிள்ளைகளைவிட விரைவாக வரும்.

டிக்கெட்டுகளின் கணிதம் இன்னும் ஆழமானது. ஒருவரிடம் சியாட்டில்–நியூயார்க் டிக்கெட்டும், 11 புள்ளிக்கான டென்வர்–பிட்ஸ்பர்க் டிக்கெட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு மிகக் குறுகிய வழி 20 பெட்டி, இரண்டாவதற்கு 11. தனித்தனியாகப் போட்டால் 31. சிகாகோவுக்குக் கிழக்கே பாதை பொதுவானதுதானே என்று ஒருவர் யோசிப்பார்; ஒமஹா வழியைப் போட்டு, டென்வரிலிருந்து ஒமஹாவுக்கு நான்கு பெட்டியில் ஒரு கிளை விடுவார். 24 பெட்டியில் இரண்டு டிக்கெட்டும் முடிந்தன. இன்னும் கொஞ்சம் கண்ணை ஓட்டினால், ஹெலினாவிலிருந்து நேரே ஒமஹாவுக்குப் போகாமல் டென்வருக்கு இறங்கி, அங்கிருந்து ஒமஹா, சிகாகோ, பிட்ஸ்பர்க், நியூயார்க் என்று போகலாம். 23தான். சியாட்டில் பயணிக்கு இது சுற்று வழி. இரண்டு பயணங்களையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் மிகச் சிக்கனம்.

இரண்டு ஊர்களுக்கு இடையே குறுகிய வழி கண்டுபிடிப்பது கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமின் ஒரு காபிக் கடையில், காகிதமும் பென்சிலும் இல்லாமல் இருபது நிமிடத்தில் அதற்கான முறையை யோசித்து முடித்தார். இன்று செல்பேசியில் வழி கேட்கும்போது பதில் தருவது அந்த முறையும் அதன் வழிவந்தவையும். ஆனால் பல ஊர்களைச் சேர்த்து இணைக்கும் மிகக் குறைந்த செலவுள்ள வலையைக் கேட்டால் கதை வேறு. இதற்கு ஸ்டைனர் மரச் சிக்கல் என்று பெயர். ரிச்சர்ட் கார்ப் 1972இல் வெளியிட்ட கடினமான 21 சிக்கல்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. ஊர்கள் கூடக்கூட எல்லாவற்றுக்கும் விரைந்து விடை தரும் பொது முறை எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஐந்து டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையை முறைத்துப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளை, அந்தச் சிக்கலின் ஒரு சிறிய வடிவத்தோடுதான் போராடிக்கொண்டிருக்கிறது.

மூளையே இல்லாத ஓர் உயிர் இதே வேலையைச் செய்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஃபைசாரம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சை உணவைத் தேடிக் குழாய் குழாயாகப் பரவும். அட்சுஷி டெரோ, தோஷியுகி நாககாகி உள்ளிட்டோர், டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள் இருக்கும் இடங்களில் 36 ஓட்ஸ் துணுக்குகளை வைத்து, டோக்கியோ இருக்கும் இடத்தில் அந்தச் சளிப்பூஞ்சையை விட்டார்கள். அது முதலில் எல்லாப் பக்கமும் படர்ந்தது. பிறகு பயனில்லாத குழாய்களை மெலியவிட்டு, ஓட்டம் அதிகமுள்ளவற்றைத் தடிக்கவைத்தது. ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆனபோது மிஞ்சியிருந்த வலை, செலவிலும் திறனிலும் தாங்குதிறனிலும் டோக்கியோவின் உண்மையான ரயில் வலைக்கு ஈடாக இருந்தது. 2010இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. எல்லாப் பக்கமும் கொஞ்சம் பார்த்துவிட்டு வேண்டாததைக் கைவிடுவது, மனிதருக்கும் நல்ல உத்திதான்.

மற்றவர் வழியில் குறுக்கே விழுவது இந்த ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்டது, பல வீடுகளில் சண்டைக்குக் காரணமும் அதுவே. இரண்டு அல்லது மூன்று பேர் மட்டும் ஆடும்போது இரட்டைத் தடங்களில் ஒன்றுதான் திறந்திருக்கும். நெருக்கடி கூடிவிடும். மயாமிக்குப் போக மொத்தம் மூன்றே தடங்கள்: நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆறு கட்டம், அட்லாண்டாவிலிருந்து ஐந்து, சார்ல்ஸ்டனிலிருந்து நான்கு. மாறாக ஹெலினாவுக்கு ஏழு பக்கமும் வழி. மயாமி டிக்கெட் வைத்திருப்பவர் முதலில் மயாமி பக்கம் போகவேண்டும், ஹெலினா காத்திருக்கும்.

குறுகலான இடத்தைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணிதம் பிறந்தது உண்மையான ரயில் வரைபடத்தின் மேல். 1955இல் அமெரிக்க விமானப்படைக்காக டி. இ. ஹாரிஸும் எஃப். எஸ். ராஸும் ஒரு ரகசிய அறிக்கை தயாரித்தார்கள். மேற்கு சோவியத் ஒன்றியத்தையும் கிழக்கு ஐரோப்பாவையும் இணைக்கும் ரயில் பாதைகளை 44 புள்ளிகள், 105 கோடுகள் கொண்ட வலையாக வரைந்து, அதன் வழியே எவ்வளவு சரக்கு போகமுடியும் என்று கணக்கிட்டார்கள். எந்தச் சில தடங்களை வெட்டினால் மொத்த ஓட்டமும் நிற்கும் என்று ஒரு கோடு போட்டு, அதற்குப் புட்டிக் கழுத்து என்று பெயரும் எழுதினார்கள். அந்த இடத்தின் கொள்ளளவு 1,63,000 டன். இந்தக் கேள்வி லெஸ்டர் ஃபோர்டு, டெல்பர்ட் ஃபல்கர்சன் இருவரிடமும் போனது. ஒரு வலையில் செல்லக்கூடிய அதிகபட்ச ஓட்டமும் அதை நிறுத்த வெட்டவேண்டிய குறைந்தபட்சக் கொள்ளளவும் எப்போதும் சமம் என்ற அவர்களுடைய தேற்றம் 1956இல் வெளிவந்தது. மூல அறிக்கையின் ரகசியம் 1999இல்தான் நீக்கப்பட்டது. பாலங்களையும் தண்டவாளங்களையும் தகர்ப்பதற்காகத் தேடிய விடை, இன்று குடிநீர்க் குழாய்களையும் இணையத் தரவையும் சரக்கு லாரிகளையும் திட்டமிட உதவுகிறது. அறிவியலின் வரலாற்றில் மனம் ஆறுதல் கொள்ளத்தக்க திருப்பங்களில் இது ஒன்று.

ஆட்டத்தின் கடைசியில், இடைவிடாமல் நீண்ட பாதை வைத்திருப்பவருக்கு 10 புள்ளி. இந்த நீளத்தை அளக்க விதி இப்படிச் சொல்கிறது: ஒரே ஊர் வழியாக எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், ஒரே தடத்தில் இரண்டு முறை போகக்கூடாது. கணிதம் படித்தவர்களுக்கு உடனே லெயோன்ஹார்ட் ஆய்லர் நினைவுக்கு வருவார். இன்று ரஷ்யாவின் காலினின்கிராடாக இருக்கும் கோனிக்ஸ்பர்க் நகரில் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து நகரைச் சுற்றமுடியுமா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. முடியாது என்று 1736ஆம் ஆண்டின் கட்டுரையில் காட்டினார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் வழிகள் வந்து சேரும் இடங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் அப்படி ஒரு நடை சாத்தியமே இல்லை.

மேலே பார்த்த 24 பெட்டி வலையை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். சியாட்டிலில் ஒரு தடம், நியூயார்க்கில் ஒன்று, டென்வரில் ஒன்று, ஒமஹாவில் மூன்று. நான்கு இடங்களும் ஒற்றைப்படை. ஆகவே 24 பெட்டியையும் ஒரே நடையில் அளக்கமுடியாது, டென்வர் கிளை விட்டுப்போய் 20தான் தேறும். டென்வர் வழியாகப் போகும் 23 பெட்டிப் பாதையிலோ ஒற்றைப்படை ஊர்கள் இரண்டே: தொடங்கும் ஊரும் முடியும் ஊரும். முழு 23உம் கணக்கில் வரும். ஆனால் தடங்களுக்கான புள்ளியைக் கூட்டினால் கிளை விட்ட வலைக்கு 45, ஒரே கோட்டுக்கு 42. மூன்று புள்ளியை விட்டுக்கொடுத்துப் பத்துப் புள்ளிக்குக் குறிவைக்கலாமா? அது மற்றவர்களின் பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த முடிவைச் சீட்டு எடுத்துத் தராது. பலகையைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

புதிய டிக்கெட் எடுப்பதில்தான் புதியவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். பத்துப் புள்ளி டிக்கெட்டை முடித்தால் பத்து கூடும், முடிக்காவிட்டால் பத்து கழியும். பாதிக்கு மேல் வாய்ப்பிருந்தாலே எடுப்பது லாபம். ஆனாலும் கை நடுங்கும். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த கோட்பாடு சொல்வது இதையே: அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நட்டம் தரும் வலி மனிதருக்குப் பெரிது. ஆட்டத்தின் நடுவில் எடுக்கும் மூன்றில் குறைந்தது ஒன்றை வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்ற விதி அந்தப் பயத்தை இன்னும் கூட்டுகிறது. பெட்டி நிறைய இருக்கும்போது, ஏற்கெனவே போட்ட பாதை நாட்டின் குறுக்கே நீண்டிருக்கும்போது, எடுப்பது நல்லது. சில சமயம் வந்த டிக்கெட் முன்பே முடிந்ததாகவும் இருக்கும். பெட்டி பத்துக்குக் கீழே போனபின் எடுப்பது பெரும்பாலும் வீண் துணிச்சல்.

இயந்திரங்களும் இதை ஆடிப் பார்த்திருக்கின்றன. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல், வெவ்வேறு உத்திகள் கொண்ட நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, இந்த ஆட்டத்தின் பல வரைபடங்களைச் சோதித்தார்கள். எந்த ஊர்கள் வெற்றிக்குக் கைகொடுக்கின்றன, எவை கிட்டத்தட்ட தீண்டப்படாமல் கிடக்கின்றன என்பது அதில் தெரிந்தது. விதிப்புத்தகம் பதில் சொல்லாத சில நிலைமைகளிலும் அந்த நிரல்கள் போய் மாட்டிக்கொண்டன.

இதை ஆடினால் பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாக வருமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. இங்கே நிதானம் வேண்டும். ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களின் பள்ளிமுன் வயதுப் பிள்ளைகள் ஒன்று முதல் பத்து வரை எண்கள் வரிசையாக எழுதிய எளிய பலகை ஆட்டத்தைச் சில அமர்வுகள் ஆடியபோது, அவர்களுடைய எண்ணறிவு முன்னேறியது. எண்ணுக்குப் பதில் நிறங்கள் இருந்த பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எதைத் தொட்டுத் தொட்டு ஆடினார்களோ அதுதான் படிந்தது. சதுரங்கம் பொதுவான அறிவையே வளர்க்கும் என்ற நம்பிக்கையை ஜோவான்னி சாலாவும் ஃபெர்னாண்ட் கோபேயும் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சான்று வலுவாக இல்லை என்றே கண்டார்கள். ஆகவே இந்த ஆட்டத்தை மூளைக்கு மருந்தாக விற்பது தவறு. வலை, வாய்ப்பு, ஆபத்து என்ற மூன்றையும் ஒரு பிள்ளை கையால் தொட்டு உணர்ந்திருந்தால், பின்னால் அவற்றைப் பாடமாகப் படிக்கும்போது அந்நியமாக இருக்காது என்பதே ஆடுவதற்குப் போதுமான காரணம்.

சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களுக்கு ஒன்று. சீட்டு எடுப்பதிலிருந்து தொடங்காமல், ஆட்டம் எப்படி முடிகிறது, புள்ளி எப்படிச் சேர்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். இலக்கு தெரியாமல் கேட்கும் விதிகள் ஒன்றும் மனத்தில் நிற்காது. முதல் ஆட்டத்தில் எல்லோரும் டிக்கெட்டுகளை மேஜைமேல் விரித்தே வைத்து ஆடலாம். இந்தப் பாதை ஏன், அந்தத் தடம் ஏன் என்று வாய்விட்டுப் பேசலாம். பிள்ளை தவறான தடத்தைப் பிடித்தாலும் திருத்தாமல் விடுங்கள். ஐந்து முறை கழித்து மயாமி அடைபட்டதைப் பார்க்கும்போது அது தானே கற்றுக்கொள்ளும்.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 'ஃபர்ஸ்ட் ஜர்னி' என்ற எளிய பதிப்பு 2016இல் வந்திருக்கிறது. சுரங்கப் பாதை, படகுத் தடம், மற்றவர் தடத்தைப் பயன்படுத்திக்கொள்ள உதவும் நிலையம் எல்லாம் உள்ள ஐரோப்பியப் பதிப்பு 2005இலிருந்து கிடைக்கிறது. 2011இல் வந்த தொகுப்பில் இந்திய வரைபடமும் உண்டு; ஒரு டிக்கெட்டின் இரண்டு ஊர்களையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகளில் இணைத்தால் அதில் கூடுதல் புள்ளி. ஒரு தடம் அறுந்தாலும் ஊர் துண்டிக்கப்படாத வலைக்கு அங்கே பரிசு. ஆனால் அந்தத் தொகுப்பில் பெட்டிகளும் வண்ணச் சீட்டுகளும் இருக்காது; அமெரிக்கப் பதிப்போ ஐரோப்பியப் பதிப்போ முதலில் வீட்டில் இருந்தால்தான் அதை ஆடமுடியும்.